80,000 ரூபாய்க்குள் வீட்டுக்கு ப்ரொஜெக்டர்: எதை வாங்கலாம்?

பாளைவாசி
எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் சொந்த வீடு. மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. 15 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். மேற்கே ஒரு ஜன்னல், சாயங்கால வெயில் நேராக உள்ளே விழும். நடுவில் ஃபேன். சுவர், கூரை எல்லாமே வெள்ளை. இதில் 100 அங்குலப் படம் வர வேண்டும் என்று ஆசை. பட்ஜெட் 80,000. திரை, வயர், மாட்டும் செலவு எல்லாம் அதற்குள்ளேயே முடிய வேண்டும்.

கடையில் ஒருவர் 12,000 ரூபாய்க்கு ஒரு ப்ரொஜெக்டர் காட்டினார். பெட்டியில் 4கே (படத்தின் நுணுக்கம்), 9,000 லூமன்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருக்கிறது. பென்க்யூ டிஎச்585 என்ற மாடலைப் பார்த்தால் விலை அதைப் போலப் பல மடங்கு, ஆனால் 3,500 லூமன்ஸ்தான். எப்சனிலும் அதே கதை. விலை கூடக்கூட வெளிச்சம் குறைகிறதே, இது எப்படி? யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

லக்ஸ்மீட்டர்
அந்த 12,000 ரூபாய் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் நான் அதே மாதிரி ஒன்றை வாங்கினேன். அதில் 8,500 லூமன்ஸ் என்று இருந்தது. படம் மங்கலாகத் தெரியவே, உண்மையில் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று பார்க்க ஒரு லக்ஸ் மீட்டர் வாங்கினேன்.

முறை எளிது. முழு வெள்ளைப் படம் ஒன்றை 100 அங்குலத்தில் போட்டேன். திரையை மேலே மூன்று, நடுவே மூன்று, கீழே மூன்று என ஒன்பது கட்டமாக மனதில் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் மீட்டரை வைத்துக் குறித்துக்கொண்டேன். ஆன்சி லூமன்ஸ் என்று சொல்வது இப்படி ஒன்பது இடத்தில் அளந்து சராசரி எடுத்து, அதைத் திரையின் பரப்பால் பெருக்கி வருவதைத்தான். நடுக்கட்டத்தில் 88 வந்தது, கீழ் மூலையில் 41. சராசரி 62 லக்ஸ். 100 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு; அந்தத் திரை 221 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம், பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். 62ஐ 2.75ஆல் பெருக்கினால் 170 லூமன். பெட்டியில் 8,500, சுவரில் 170.

பெட்டியில் இருப்பது உள்ளே எரியும் எல்இடியின் கணக்காக இருக்கலாம், வெறும் கற்பனையாகவும் இருக்கலாம். லென்ஸைத் தாண்டி வெளியே வருவதுதான் நமக்கு வேண்டியது. 'ஆன்சி லூமன்ஸ்' என்றோ 'ஐஎஸ்ஓ லூமன்ஸ்' என்றோ தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் அந்த எண்ணைக் கணக்கில் எடுங்கள். அதேபோல, '4கே சப்போர்ட்' என்றால் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். என்னுடையதில் உள்ளே படத்தை உருவாக்கும் பேனலில் 1280க்கு 720 புள்ளிகள்தான். நிஜமான புள்ளிக் கணக்குக்கு 'நேட்டிவ் ரெசொல்யூஷன்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

ஹால்வாசி
75 அங்குல டிவி வாங்கிவிட்டுப் போங்கள் என்பதுதான் என் கருத்து. மனம் நோகச் சொல்லவில்லை. ப்ரொஜெக்டர் வாங்கி மூன்று வருடம் வைத்திருந்து விற்றவன் நான். பகலில் கிரிக்கெட் பார்க்க முடியாது. விருந்தாளி வந்தால் விளக்கைப் போட முடியாது. போட்டால் படம் வெளுத்துவிடும். டிவியில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். மேற்கு ஜன்னல் உள்ள அறை என்கிறீர்கள், யோசித்துச் செய்யுங்கள்.

லக்ஸ்மீட்டர்
ஹால்வாசி சொல்வது ஹாலுக்குச் சரி. பகலில் செய்தி, சீரியல், மேட்ச் எல்லாவற்றுக்கும் ஒரே சாதனம் என்றால் டிவிதான். இவர் தனி அறை வைத்திருக்கிறார். ராத்திரி படம் பார்க்க என்றால் 100 அங்குலத்தின் சுகம் வேறு.

வெளிச்சக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குக் குழப்பம் இருக்கிறது. டிஜிட்டல் தியேட்டருக்கு வகுத்த அளவு ஒரு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. இதையே 48 நிட்ஸ் என்பார்கள். சாதாரண மேட் (பளபளப்பு இல்லாத) வெள்ளைத் திரையில் அந்த அளவு வர 100 அங்குலத்துக்கு சுமார் 415 லூமன் போதும். 120 அங்குலத்துக்கு 600. ஆக, நன்றாக இருட்டிய அறையில் நிஜமான 3,000 லூமன் ப்ரொஜெக்டர் தாராளம். நல்ல நிறத்துக்கு சினிமா மோடில் வைத்தால் எழுதியிருக்கும் அளவில் பாதியோ அதற்கும் கீழேயோதான் வரும். லாம்ப் ஆயுள் என்று 4,000, 5,000 மணி நேரம் போட்டிருப்பார்களே, அது வெளிச்சம் பாதியாகக் குறையும் வரையிலான கணக்கு. இவ்வளவும் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் இருக்கிறது.

கோவை வயரிங்
நண்பரே, மாடலுக்குப் போகும் முன் ஃபேனைப் பாருங்கள். நான் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். பத்து வீட்டில் ப்ரொஜெக்டர் மாட்டினால் நாலு வீட்டில் ஃபேன்தான் தகராறு.

த்ரோ ரேஷியோ என்று ஒரு எண் இருக்கும். அதைப் படத்தின் அகலத்தால் பெருக்கினால், லென்ஸ் திரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று தெரியும். 100 அங்குலப் படத்தின் அகலம் 7.25 அடி. த்ரோ 1.5 என்றால் 10.9 அடி. த்ரோ 1.2 என்றால் 8.7 அடி. உங்கள் அறையில் ஃபேன் நடுவில், அதாவது திரையிலிருந்து 7.5 அடியில். 48 அங்குல ஃபேன் இரு பக்கமும் இரண்டு இரண்டு அடி சுற்றும், 5.5 முதல் 9.5 அடி வரை அதன் இடம். 8.7 அடியில் மாட்டினால் ப்ரொஜெக்டர் இறக்கைக்கு நேர் கீழே வரும். 11 அடியில் மாட்டினால் பின்னால் தள்ளிவிடும், ஆனால் லென்ஸ் இறக்கை மட்டத்துக்குக் கீழே இறங்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கையின் நிழல் படம் முழுக்க வெட்டி வெட்டி ஓடும்.

இன்னொன்று. சுவரைக் கொத்திப் பைப் போடுவதாக இருந்தால் முக்கால் இன்ச் பைப் போட வேண்டாம். எச்டிஎம்ஐ வயரின் தலை அதற்குள் போகாது, அதுவும் ஒரு வளைவு இருந்தால் போகவே போகாது. ஒன்றரை இன்ச் போடுங்கள், உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வையுங்கள். நாளைக்கு வயர் மாற்ற வேண்டி வந்தால் அந்தக் கயிறுதான் காப்பாற்றும்.

பாளைவாசி
அண்ணாச்சி, டேப் வைத்து அளந்தேன். நீங்கள் சொன்ன கணக்கு அப்படியே வருகிறது. இறக்கை தரையிலிருந்து எட்டே முக்கால் அடியில் இருக்கிறது. 11 அடி தூரத்தில், எட்டடி உயரத்தில் மாட்டினால் தப்பிக்கலாம் போல.

பழைய ஆபரேட்டர்
தம்பி, நான் 31 வருடம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். முதலில் டூரிங் கொட்டகை, பிறகு டவுன் தியேட்டர். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலம். இரண்டு குச்சிக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் திருகித் திருகிச் சரிபண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளடிக்கும், கீழேயிருந்து விசில் வரும். அதனால் வெளிச்சத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன்.

இங்கே எல்லோரும் வெளிச்சத்தைக் கணக்குப் போடுகிறீர்கள். இருட்டை யாரும் கணக்குப் போடவில்லையே. தியேட்டரில் திரையைச் சுற்றிக் கறுப்புத் துணி ஏன் கட்டினார்கள்? பக்கச் சுவருக்கு ஏன் மெரூன், அடர் நீலம் என்று அடித்தார்கள்? திரையில் விழுந்த வெளிச்சம் திரும்பி வந்து சுவரிலும் கூரையிலும் மோதும். சுவர் வெள்ளையாக இருந்தால் அது மறுபடி திரைக்கே போய் விழும். அப்போது திரையில் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலாகிவிடும். ப்ரொஜெக்டரால் கறுப்பை அடிக்க முடியாது, தம்பி. வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. வெள்ளை அறையில் ஒரு லட்சம் ரூபாய் மெஷின் வைத்தாலும் இந்தக் கதைதான்.

நீங்கள் கூரையில் திரையை ஒட்டிய முதல் நாலடிக்கும், பக்கச் சுவர்களில் முதல் நாலடிக்கும் அடர் நிறத்தில், பளபளப்பு இல்லாத பெயின்ட் அடியுங்கள். இதற்கு ஆகும் செலவு சில ஆயிரம். மெஷினில் பத்தாயிரம் கூடப் போட்டு வாங்குவதைவிட இது கண்ணுக்குத் தெரியும். மேற்கு ஜன்னலுக்கு பிளாக்அவுட் துணியில் இரட்டைத் திரை போடுங்கள், சுவரில் இரண்டு பக்கமும் ஒரு சாண் அளவு ஏறி நிற்கும்படி தைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் கசியும் வெளிச்சம்தான் பொல்லாதது.

நிலாமுற்றம்
ஆபரேட்டர் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் தஞ்சாவூர் வீட்டில் கூரைக்குக் கடும் சாம்பல் அடித்தோம், பெயின்டர் இரண்டு முறை திரும்பக் கேட்டார், "அம்மா, நிஜமாவே இந்தக் கலர்தானா?" என்று. அடித்து முடித்த அன்று ராத்திரி அதே பழைய ப்ரொஜெக்டரில் பார்த்தோம், ராத்திரிக் காட்சிகளில் முகம் தனியாகத் தெரிந்தது.

திரை பற்றி ஒரு விஷயம். காசு மிச்சம் என்று ஃப்ளெக்ஸ் பேனரை மாட்டாதீர்கள். பளபளப்பான ஃப்ளெக்ஸில் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் மின்னும், பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தால் அந்த வட்டமும் கூடவே நகரும். சுவரிலேயே பார்க்கலாம் என்றால், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள். பூச்சு மேடு பள்ளம் எல்லாம் மலை மாதிரி நிழல் விழும். பட்டி பார்த்துத் தேய்த்து மேட் வெள்ளை அடித்தால் சுவரே நல்ல திரை. முதல் ஆறு மாதம் நாங்கள் அப்படித்தான் பார்த்தோம்.

பாளைவாசி
எல்லோருக்கும் நன்றி. ஆபரேட்டர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு 71 வயது. டூரிங் கொட்டகை என்றதும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ப்ரொஜெக்டர் ஆசை வந்ததே அவருக்காகத்தான். கல்யாணத்துக்கு முன் வாரம் ஒரு படம் பார்த்தவர். முழங்கால் வலி வந்ததிலிருந்து தியேட்டர் பக்கம் போகவில்லை, ஆறு வருடம் ஆகிறது. அவருக்கு வேண்டியது பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். நேற்று என்னிடம், "மாடிக்கு எப்படிடா நான் ஏறுவேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பதில் சொல்ல முடியவில்லை.

கீழே ஒரு படுக்கையறை இருக்கிறது. 12 அடிக்கு 10 அடி. வடக்குப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல். பின்சுவரில் ஏழடி உயரத்தில் லாஃப்ட், இரண்டடி ஆழம். லாஃப்ட்டுக்குக் கீழே அலமாரி கிடையாது. அங்கே முடியுமா?

கோவை வயரிங்
முடியும். சொல்லப்போனால் மாடியைவிடச் சுலபம். திரை ஒரு சுவரில், லாஃப்ட் எதிர்ச்சுவரில். லாஃப்ட் விளிம்பு திரையிலிருந்து பத்தடி. 90 அங்குலப் படத்தின் அகலம் 6.5 அடி. த்ரோ 1.5 என்றால் 9.8 அடி வேண்டும், அதாவது லாஃப்ட் விளிம்பு கிட்டத்தட்ட அளந்து வைத்த மாதிரி. லாஃப்ட்டின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், மெனுவில் 'சீலிங்' என்று மாற்றினால் படம் நேராகும். லென்ஸ் ஆறரை அடியில் வரும், படம் அதற்குக் கீழே இறங்கி விழும். ஃபேன் எங்கேயோ மேலே, தொல்லையே இல்லை.

மேலே லாஃப்ட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டாம். படம் கூரையை நோக்கிப் போகும். அதை கீஸ்டோன் (கோணலான படத்தை மெனுவில் நேராக்கும் வசதி) போட்டு இழுத்தால் படத்தின் கூர்மை போய்விடும். கீஸ்டோனைத் தொடாமல் வேலையை முடிப்பதுதான் நல்ல வேலை.

பாளையில் கரண்ட் எப்படி? லாம்ப் மாடலில் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே இருக்கும் சின்ன ஃபேன் ஓடிச் சூட்டைத் தணிக்கும். நடுவில் கரண்ட் போனால் லாம்ப்புக்கு நல்லதில்லை. கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும், முறையாக அணைக்கிற வரைக்கும் தாங்கும்.

லக்ஸ்மீட்டர்
90 அங்குலத்துக்கு 336 லூமன் இருந்தால் தியேட்டர் அளவு வந்துவிடும். வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டும் ஈகோ மோடிலேயே ஓட்டலாம், சத்தமும் குறையும், லாம்ப்பும் நீடிக்கும். லாஃப்ட் உங்கள் தலைக்கு மேலேயே இருப்பதால் சத்தம் முக்கியம்.

கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ஒரு எச்சரிக்கை. ப்ரொஜெக்டரில் முக்கியமாக டிஎல்பி, 3எல்சிடி என்று இரண்டு வகை. வீட்டுக்கு வரும் லாம்ப் டிஎல்பியில் படத்தை உருவாக்க ஒரே ஒரு சிப்தான் இருக்கும். அதன் முன்னால் கலர் வீல் சுற்றிச் சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். பெரும்பாலோர் கண் அதைச் சேர்த்தே பார்க்கும். சிலர் பார்வையைத் திருப்பும்போது வானவில் மாதிரி நிறம் சிதறித் தெரியும். அது மிக நன்றாகத் தெரிவது கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும்போது. பழைய படங்களில் பெயர் போடுவதே அப்படித்தானே. 3எல்சிடியில் மூன்று பேனலும் ஒரே நேரத்தில் காட்டுவதால் வானவில் வராது. ஆனால் மூன்றும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாவிட்டால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கோடு நிற்கும். இரண்டையும் நேரில் பார்த்து வாங்குங்கள், வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போய்ப் பாருங்கள். கூடவே ஒரு பென் டிரைவில் பழைய படத்தின் பெயர் போடும் பகுதியை எடுத்துப் போங்கள்.

4கேக்காக மனதை அலைபாய விட வேண்டாம். இந்த விலைப் பக்கம் வரும் 4கே டிஎல்பிகளில் சிப்பில் 1920க்கு 1080 குட்டிக் கண்ணாடிகள்தான், புள்ளிக்கு ஒன்று. ஒரு ஃப்ரேமுக்குள் நாலு தடவை இடம் நகர்த்திக் காட்டுவார்கள். அது மோசமில்லை, புதுப் படங்களுக்கு நன்றாகவே இருக்கும். உங்கள் அம்மா பார்க்கப்போகும் படங்களுக்கு 1080பி, அதாவது 1920க்கு 1080 புள்ளி, போதும்.

பழைய ஆபரேட்டர்
அம்மாவுக்காக என்று முதலிலேயே சொல்லியிருந்தால் மாடிக்கே போயிருக்க மாட்டோமே தம்பி.

அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் அகலம் குறைவு. உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 1.37 பங்கு. உங்கள் 90 அங்குலத் திரை 199 செ.மீ. அகலம், 112 செ.மீ. உயரம். பழைய படம் நடுவில் 153 செ.மீ. மட்டும் பிடிக்கும். மிச்சம் பக்கத்துக்கு 23 செ.மீ. வெறுமனே நிற்கும், கறுப்பாக இல்லாமல் சாம்பலாக. தியேட்டரில் இதற்காகத்தான் பக்கத்து மாஸ்க்கிங் துணியை இழுத்து மூடுவோம். நீங்களும் திரைக்கு இரு பக்கமும் ஒரு கம்பி போட்டு, கறுப்பு வெல்வெட் துணி தொங்கவிடுங்கள். பழைய படத்துக்கு உள்ளே இழுத்துவிடுங்கள், புதுப் படத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். படத்துக்கு ஒரு சட்டம் கிடைத்துவிட்டால் கண் கறுப்பைக் கறுப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

சத்தத்தை மறக்காதீர்கள். ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கரை நம்பினால், நடிகர் முன்னால் பேச, குரல் அம்மாவின் தலைக்குப் பின்னாலிருந்து வரும். தியேட்டரில் திரையில் ஊசித் துளை போட்டு ஸ்பீக்கரைப் பின்னால் வைத்தோமே, வாயும் குரலும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்றுதான். திரைக்குக் கீழே ஒரு சுமாரான சவுண்ட்பார் வைத்தாலே போதும். வயரில் இணையுங்கள், ப்ளூடூத்தில் வாயசைவுக்குப் பின்னால் குரல் வரும்.

நிலாமுற்றம்
இன்னும் இரண்டு குறிப்பு. உள்ளேயே ஆண்ட்ராய்டு இருக்கிறது என்று விற்கும் பல ப்ரொஜெக்டர்களில் சில ஓடிடி செயலிகள் சரியாக ஓடாது, அனுமதி பெற்றிருக்காது. ஒரு டிவி ஸ்டிக் தனியாக வாங்கிச் செருகுவதே நிம்மதி. அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் ப்ரொஜெக்டருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலைப் பார்த்து மலைக்காமல் புது விலை கேளுங்கள்.

ஹால்வாசி
இவ்வளவு படித்த பிறகு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். நான் செய்த தவறு ப்ரொஜெக்டர் வாங்கியது இல்லை, அதை ஹாலில் மாட்டியது. பாளைவாசி, அந்தக் கீழறையில் தாராளமாகச் செய்யுங்கள்.

பாளைவாசி
ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வேலை முடிந்துவிட்டது.

திருநெல்வேலியில் ஒரு கடையில் இருட்டறை வைத்திருந்தார்கள். அம்மா, மனைவி, மகள் எல்லோரும் போனோம். லக்ஸ்மீட்டர் சொன்னபடி பென் டிரைவில் பெயர் போடும் பகுதி. டிஎல்பியில் படம் கூர்மையாக இருந்தது, அம்மாவுக்கும் எனக்கும் எதுவும் தெரியவில்லை. மகள் மட்டும், "அப்பா, எழுத்து மேல போகும்போது பக்கத்துல சிவப்பும் பச்சையும் பறக்குது" என்றாள். ஒன்பது வயது. நாங்கள் யாரும் அவளிடம் வானவில் பற்றிச் சொல்லவே இல்லை. அதனால் எப்சனில் ஒரு 3எல்சிடி எடுத்தோம், 1080பி. அதன் த்ரோவுக்குக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன், லாஃப்ட் விளிம்புக்கு ஒத்து வந்தது. சவுண்ட்பார், யுபிஎஸ், ஸ்டிக், பெயின்ட், துணி எல்லாம் சேர்ந்து பட்ஜெட்டைவிட 3,400 ரூபாய் கூடிவிட்டது. திரை வாங்கவில்லை. சுவருக்குப் பட்டி பார்த்து மேட் வெள்ளை அடித்தோம். டார்ச் அடித்துப் பார்த்து இரண்டு இடத்தில் மறுபடி தேய்க்கச் சொன்னேன்.

கூரையின் முதல் நாலடிக்கு அடர் சாம்பல். வெல்வெட் துணியை அம்மாவே அளந்து, உட்கார்ந்து மடித்துத் தைத்தார். முதல் நாள் ராத்திரி துணியை இழுத்துவிட்டுப் படம் போட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பாதிப் படத்தில் மெல்ல எழுந்து சுவர் பக்கம் போய், துணி சரியாகச் சேராமல் இருந்த இடத்தில் ஒரு விரல் அளவு இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஆபரேட்டர் ஐயா, அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். டூரிங் கொட்டகையில் ஒரு படத்துக்கு நாலு இடைவேளை விடுவார்களாமே, அது எதற்கு?

பழைய ஆபரேட்டர்
அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கொட்டகையில் ஒரே ஒரு ப்ரொஜெக்டர்தான் இருக்கும். 2,000 அடி ரீல் ஒன்று ஓட இருபத்திரண்டு நிமிஷம். டவுன் தியேட்டரில் இரண்டு மெஷின், ஒன்று முடியும்போது படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அதைப் பார்த்து அடுத்த மெஷினை ஓட விடுவோம், கீழே யாருக்கும் தெரியாது. கொட்டகையில் அதற்கு வழியில்லை. சில ரீல்களை ஒட்டிப் பெரிய சுற்றாகப் போட்டு ஓட்டுவேன். அது தீர்ந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். அந்த நேரத்தில்தான் முறுக்கும் சோடாவும் விற்கும்.

எல்சிடி மெஷினில் காற்று வடிகட்டி ஒன்று பக்கவாட்டில் இருக்கும். உங்கள் பக்கம் தெருப்புழுதி அதிகம். மாதம் ஒரு முறை கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யுங்கள் தம்பி, தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். பழைய படத்தில் புள்ளியும் கோடும் தெரிந்தால் அது ரீலின் கீறல், அம்மாவுக்குத் தெரியும். எந்தப் படம் போட்டாலும் ஒரே இடத்தில் ஒரு மங்கலான புள்ளி நிற்கிறது என்றால் அது உள்ளே போன தூசி, அப்போது சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்.